நடுக்கடலில் பனிப்பாறை... கப்பலுக்கு எச்சரிக்கை எப்படி வருது? டைட்டானிக்கில் எங்கே கோட்டை விட்டாங்க?

1912 ஏப்ரல் 14, இரவு. டைட்டானிக் கப்பலின் வயர்லெஸ் அறைக்கு ‘மெசாபா’ என்ற கப்பலில் இருந்து ஒரு தகவல் வந்தது. பெரிய பெரிய பனிப்பாறைகளைப் பார்த்ததாகச் சொல்லி, அது எந்த இடம் என்பதையும் அட்சரேகை, தீர்க்கரேகையோடு கொடுத்திருந்தார்கள். டைட்டானிக் நேராகப் போய்க்கொண்டிருந்ததே அந்தப் பகுதிக்குத்தான். ஆனால் அந்தத் தகவல் கப்பலைச் செலுத்திய அதிகாரிகளின் கைக்குப் போகவே இல்லை. 11.40-க்கு பனிப்பாறையில் மோதியது. அதிகாலை 2.20-க்கு மூழ்கியது. 1,500 பேருக்கு மேல் இறந்தார்கள்.

எச்சரிக்கையே வரவில்லை என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் அன்று ஒரே நாளில் வெவ்வேறு கப்பல்களில் இருந்து குறைந்தது 6 எச்சரிக்கைகள் வந்தன. வந்த தகவல் யார் கையில் சிக்கியது, அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கு.

தகவல் வந்தது, போய்ச் சேரலை

டைட்டானிக்கின் வயர்லெஸ் ஆபரேட்டர்கள் ஜாக் பிலிப்ஸ், ஹரால்ட் பிரைட் இருவரும் மார்கோனி நிறுவன ஊழியர்கள். பயணிகளின் சொந்தத் தந்திகளை அனுப்புவதே அவர்களுக்குப் பெரிய வேலை. முந்தைய நாள் கருவி பழுதானதால் தந்திகள் மலையாகக் குவிந்துவிட்டன. மதியம் ‘பால்டிக்’ கப்பல் அனுப்பிய எச்சரிக்கையை கேப்டன் ஸ்மித், கப்பல் நிறுவனத் தலைவர் இஸ்மேயிடம் கொடுக்க, அவர் அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினார். இரவு 11 மணி வாக்கில், பனியால் பயணத்தை நிறுத்திவிட்டு நின்ற ‘கலிஃபோர்னியன்’ கப்பலின் ஆபரேட்டர் எச்சரிக்கப் பார்த்தார். வேலையில் இருந்த பிலிப்ஸ், குறுக்கே வராதே என்று அவரை அடக்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவரும் கருவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். 24 மணி நேரமும் வயர்லெஸ்ஸைக் கேட்க ஆள் இருக்க வேண்டும் என்று அப்போது சட்டம் இல்லை.

சரி, பிரிட்ஜ் வரை போன எச்சரிக்கைகள்? வானம் தெளிவாக இருந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டாம் என்பது அந்தக் காலத்து வழக்கம். மணிக்கு சுமார் 41 கிலோமீட்டர் வேகத்தில் கப்பல் போய்க்கொண்டே இருந்தது.

இப்போ யார் கண்காணிக்கிறாங்க?

டைட்டானிக் விபத்துக்குப் பிறகு 1914-ல் லண்டனில் கையெழுத்தான கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் பிறந்தது ‘சர்வதேச பனி ரோந்து’ அமைப்பு. பல நாடுகள் செலவைப் பகிர்ந்துகொள்ள, அமெரிக்கக் கடலோரக் காவல்படை நடத்துகிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தை ஒட்டிய ‘கிராண்ட் பேங்க்ஸ்’ கடல் பகுதிதான் அதன் எல்லை.

இங்கே வரும் பனிப்பாறைகளில் பெரும்பாலானவை மேற்கு கிரீன்லாந்தின் பனியாறுகளில் இருந்து உடைந்தவை. லாப்ரடார் குளிர் நீரோட்டம் அவற்றை இழுத்துக்கொண்டு தெற்கே வரும். அதே இடத்தில் கல்ஃப் ஸ்ட்ரீம் என்ற வெப்ப நீரோட்டமும் வந்து சேர்வதால் மூடுபனி கட்டிக்கொள்ளும். கண்ணும் தெரியாது, பாறையும் மிதக்கும். ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் இடையிலான முக்கியமான கப்பல் பாதையும் இதே வழியில்தான்.

எத்தனை பாறைகள் வரும் என்று கணிப்பது சுலபமில்லை. 48 டிகிரி வடக்கு அட்சரேகையைத் தாண்டித் தெற்கே வந்தவை 1984-ல் 2,202. 2006-ல் ஒன்றுகூட இல்லை. 2014-ல் 1,546. 2021-ல் ஒன்றே ஒன்று! போன வருஷம் வரலையே என்று அசால்ட்டாக இருக்க முடியாது.

விமானம், செயற்கைக்கோள் ரேடார், அந்த வழியாகப் போகும் கப்பல்கள் என மூன்று பக்கமும் இருந்து தகவல் வருகிறது. ஒரு பாறையை ஒருமுறை பார்த்துவிட்டால், காற்றும் நீரோட்டமும் அதை எங்கே தள்ளும், வெப்பமும் அலையும் எவ்வளவு கரைக்கும் என்று தினமும் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். கடைசியில் கிடைப்பது ஒரு கோடு. அதன் பெயர் பனிப்பாறை எல்லைக்கோடு. கோட்டுக்கு உள்ளே பாறை இருக்கலாம், வெளியே இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பது அதன் அர்த்தம்.

கப்பலுக்கு எப்படி வருது?

பிரிட்ஜில் ‘நேவ்டெக்ஸ்’ என்று ஒரு சின்னக் கருவி இருக்கும். 518 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் கரையில் இருந்து வரும் செய்திகளை, யாரும் பக்கத்தில் இல்லாவிட்டாலும் தானாகவே வாங்கி எழுத்தாகக் காட்டும். ஒவ்வொரு வகைச் செய்திக்கும் ஒரு ஆங்கில எழுத்து உண்டு. புயல் எச்சரிக்கைக்கு ‘பி’, பனி அறிக்கைக்கு ‘சி’. நம்ம ஊர் முட்டம், பரங்கிப்பேட்டை நிலையங்களில் இருந்து கடல் எச்சரிக்கைகள் போவதும் இதே நேவ்டெக்ஸ் முறையில்தான்.

கரையில் இருந்து 400 கடல் மைல் வரைதான் இது எட்டும். அதைத் தாண்டினால் செயற்கைக்கோள் வழியாக அதே தகவல் வரும். வரைபடமாக வேண்டும் என்றால் ரேடியோ ஃபேக்ஸ் அல்லது இணையம். மெசாபா தகவல் மாதிரி ஒரு ஆளின் மேஜையில் தங்கிவிட இங்கே வழி குறைவு.

ஆனால் அறிக்கையில் வருவது பெரும்பாலும் எண்கள்தான். இத்தனை டிகிரி வடக்கு, இத்தனை டிகிரி மேற்கு என்று வரிசையாக இருக்கும். வழித்தடத்தைக் கவனிக்கும் அதிகாரி அந்தப் புள்ளிகளை மின்னணு வரைபடத்தில் வைத்து, சேர்த்துக் கோடு போட வேண்டும். வரைபடத்தில் ஏறாத வரை அது வெறும் காகிதம்தான்.

கோட்டைச் சுற்றிப் போனால் எரிபொருளும் நேரமும் கூடும். அதனால், பனிக்காலத்தில் இந்தப் பகுதி வழியாகப் போகும் கப்பல்கள் இந்தச் சேவையைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று சர்வதேச விதியே இருக்கிறது. வெளியிட்ட எல்லைக்கோட்டை மதித்து ஓட்டிய எந்தக் கப்பலும் பனிப்பாறையில் மோதியதில்லை என்கிறது அந்த அமைப்பு.

ரேடார் இருக்கே, அது போதாதா?

போதாது. பெரிய பாறை ரேடாரில் தெரிந்துவிடும். பயமே ‘க்ரோலர்’ என்ற சின்னத் துண்டுகளில்தான். தண்ணீருக்கு மேலே 1 மீட்டர்கூட தெரியாது, ஆனால் அடியில் டன் கணக்கில் பனி இருக்கும். பனிக்கட்டி ரேடார் அலையை இரும்பு மாதிரி திருப்பி அனுப்பாது. கொஞ்சம் அலை அடித்தால் க்ரோலர் அந்த இரைச்சலில் ஒளிந்துகொள்ளும்.

அதனால் கோட்டுக்குள் போயே ஆக வேண்டிய கப்பல்கள் வேகத்தைக் குறைக்கும், கூடுதல் ஆட்களைக் காவலுக்கு நிறுத்தும். பெரிய பாறை ஒன்றைக் கடக்க நேர்ந்தால், காற்று எந்தப் பக்கம் இருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாகவே கடப்பார்கள். உடைந்த துண்டுகள் காற்றின் போக்கில் எதிர்ப்பக்கம் மிதந்து போய்க் கிடக்கும் என்பதுதான் காரணம்.

ரேடார் வந்த பிறகும் விபத்து நடந்திருக்கிறது. 1959 ஜனவரி 30-ல் ‘ஹன்ஸ் ஹெட்டாஃப்ட்’ என்ற டென்மார்க் கப்பல், கிரீன்லாந்தின் தென்முனை அருகே பனிப்பாறையில் மோதிவிட்டதாக ரேடியோவில் சொன்னது. பனி ரோந்து எல்லைக்கு வெளியே இருந்த இடம் அது. கப்பலின் முதல் பயணமும் அதுதான். 95 பேரில் ஒருவரும் கிடைக்கவில்லை. மாதங்கள் கழித்து ஒரு மிதவை வளையம் மட்டும் ஐஸ்லாந்து கரையில் ஒதுங்கியது.

கப்பலும் தகவல் சொல்லணும்

ஆபத்தான பனியைப் பார்த்த கேப்டன், பக்கத்தில் உள்ள கப்பல்களுக்கும் கரைக்கும் உடனே சொல்வது சட்டப்படி கட்டாயம். எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒரு பாறை தென்பட்டால் அடுத்த நாள் அறிக்கைக்காகக் காத்திருக்க மாட்டார்கள், தனி எச்சரிக்கை உடனே பறக்கும். ரேடாரில் நகராமல் நிற்கும், என்னவென்று தெரியாத புள்ளியைக்கூட சொல்லச் சொல்கிறார்கள். பனி எதுவும் கண்ணில் படவில்லையா? அதையும் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் கணக்குப்படி பாறை இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை என்பதும் கரையில் கோடு போடுகிறவர்களுக்குத் தேவையான தகவல்தான்.