பெரியப்பாவும் வர்ச்சுவல் ரியாலிட்டியும்

(இரண்டாமாண்டு, மின்னணுவியல் துறை)

போன வருடம் ஒரு கல்லூரி சிம்போசியத்தில் தலையில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு, மலையுச்சியிலிருந்து விழுவதாக நாமெல்லாம் கத்தினோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பெட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் விளையாட்டுக்காக அல்ல.

என் பெரியப்பா பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்ததில் கழுத்தில் தண்டுவடம் அடிபட்டது. மூளையிலிருந்து உடம்புக்குப் போகும் கேபிள் என்று அதைச் சொல்லலாம். ஆனால் அறுந்த ஒயரை நாம் லேபில் சால்டர் வைப்பதுபோல அதை ஒட்ட முடியாது. முதுகில் அடிபட்டால் கால்கள் போகும்; கழுத்தில் பட்டால் கைகளும் பாதிக்கும். பெரியப்பாவுக்கு மணிக்கட்டு மேலே தூக்கும், விரல்கள் மடங்காது.

"மணிக்கட்டைத் தூக்குங்க, விரல் தானா மூடும்" என்று பிசியோதெரபி சார் தினமும் சொல்வார். உண்மைதான், தசைநார் இழுபட்டு விரல்கள் மெல்ல மூடிக்கொள்ளும். பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். "அவருக்கென்ன, நடந்து வர்றாரு, நடந்து போறாரு."

ஒருநாள் வீல்சேரில் ஒருவர் வந்தார். பனையிலிருந்து விழுந்து பதினோரு வருஷமாச்சாம். "டீயை ஆறவெச்சுக் குடுங்க, எனக்குச் சூடு தெரியாது, கை வெந்துடும்" என்றவர், பேச்சோடு பேச்சாக மணிக்கட்டைத் தூக்கி டம்ளரைப் பிடித்துக் குடித்தார். அவர் போனதும் பெரியப்பா, "அந்த டம்ளரை எடு பாப்பா" என்றார்.

இதைத்தான் பியர் சப்போர்ட் என்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, அதன்பின் வீல்சேரில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறந்தபோது, நோயாளியைப் பார்க்க வந்த டாக்டரே வீல்சேரில்தான் வந்தார்!

ஆனால் இப்படி ஓர் ஆள் எல்லா ஊரிலும் கிடைப்பாரா? வீல்சேரோடு நம்ம டவுன் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், தெரியும். அதனால்தான் வர்ச்சுவல் ரியாலிட்டி. வெவ்வேறு ஊரில் படுத்திருக்கும் இருவர் ஆளுக்கொரு பெட்டியை மாட்டிக்கொண்டால் ஒரே அறையில் எதிரெதிரே உட்காரலாம். வீடியோ கால் போதாதா என்பீர்கள். போனில் முகம் தெரியும். ஆனால் அதைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். பெட்டிக்குள் இரண்டு கண்ணுக்கும் சற்றே வேறான இரண்டு படங்கள் காட்டுவதால் ஆழம் தெரிகிறது. கைரோஸ்கோப் தலை திரும்புவதை அளக்கிறது. படம் அதோடு சேர்ந்து திரும்பாவிட்டால் குமட்டும். 1968-ல் அமெரிக்காவில் ஐவன் சதர்லாண்ட் செய்த கருவியை உத்தரத்தில் தொங்கவிட வேண்டியிருந்தது. இன்றைய பெட்டிகள் சுமார் அரை கிலோதான். கழுத்து உடைந்த புதிதில் அந்த அரை கிலோவுக்கும் டாக்டரைக் கேட்க வேண்டும்.

ஒரு வேடிக்கை: மெட்டா கம்பெனியின் ஹொரைசன் உலகத்தில் 2023 வரை யாருக்குமே கால் கிடையாது, எல்லோரும் இடுப்புவரைதான்! பெரியப்பாவிடம் சொன்னேன். "அப்போ நான்தான் அங்க சீனியர்" என்றார்.

சிக்கல் கையில்தான் இருக்கிறது. கன்ட்ரோலரில் ஆள்காட்டி விரலால் ட்ரிகரை அழுத்த வேண்டும். கன்ட்ரோலர் இல்லாமல் கேமராவே கையைப் பார்க்கும் வசதியும் உண்டு. அதிலும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கிள்ளிக் காட்ட வேண்டும். யாருக்கு இந்தத் துணை அதிகம் வேண்டுமோ, அவர் கை அதற்குப் புரிவதில்லை. இதைச் செய்தவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் பக்கத்தில் அப்படி ஒரு கை இருந்திருக்காது.

மணிக்கட்டு தூக்குகிறதல்லவா? ஃப்ளெக்ஸ் சென்சார் வளைந்தால் அதன் ரெசிஸ்டன்ஸ் மாறும். வோல்டேஜ் டிவைடரில் கோத்து ஒரு கம்பேரட்டருக்குக் கொடுத்தால், மணிக்கட்டின் ஒவ்வொரு தூக்கலும் ஒரு 'கிளிக்' ஆகிவிடும். நானும் என் தோழியும் அதைப் பழைய கையுறையில் தைத்துப் பெரியப்பாவுக்கு மாட்டினோம். தூக்கினார். எல்.இ.டி. எரிந்தது.

"இவ்ளோ படிச்சதுக்கு ஒரு பல்புதானா பாப்பா?" என்று கேட்டுவிட்டு, மறுபடியும் தூக்கினார்.