அடைப்புக்கு முன்பே ஆரம்பிக்கும் பழுது



ஜனாஸா வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "நல்லாத்தானே இருந்தார், ஒருநாளும் நெஞ்சு வலி என்று சொன்னதில்லையே. ஈ.சி.ஜி.கூட நார்மல் என்றார்களே!" அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் வலி இல்லை என்பதால் இதய இரத்தக் குழாயில் பழுதில்லை என்று ஆகிவிடாது. ஏன் என்று நாம் ஒவ்வொருவரும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

இதயத்துக்கு இரத்தம் கொண்டு போகும் குழாய்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் போன்றவை அல்ல; உயிருள்ளவை. மாடிப்படி ஏறும்போதும் சுமை தூக்கும்போதும் இதயத்துக்குக் கூடுதல் இரத்தம் வேண்டும். அப்போது அவை விரிந்து கொடுக்கும். குழாயின் உட்பக்கம் ஒரே அடுக்காக மெல்லிய செல்கள் இருக்கின்றன. அவை நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவை உண்டாக்கிக் குழாயை விரியச் செய்கின்றன. இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பீடி, சிகரெட், சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, கெட்ட கொலஸ்ட்ரால் ஆகியவை முதலில் கெடுப்பது இந்த மெல்லிய அடுக்கைத்தான். அதன் பிறகு கொழுப்பு குழாயின் சுவருக்குள் புகுந்து படிகிறது. 1986-ல் அமெரிக்க மருத்துவர்கள் குழாயை விரிக்கக்கூடிய ஒரு மருந்தை இதயக் குழாய்களில் செலுத்திப் பார்த்தார்கள். நல்ல குழாய்கள் விரிந்தன. இலேசான படிவு மட்டுமே இருந்த குழாய்களோ விரிவதற்குப் பதிலாகச் சுருங்கின. அதாவது, குழாய் அடைபடுவதற்கு வெகு முன்பே அதன் வேலை கெட்டுவிடுகிறது.

இது வெளியே தெரியாததற்குக் காரணம் உண்டு. படிவு சேரச் சேர, ஆரம்பத்தில் குழாய் வெளிப்பக்கமாகப் பெருத்து இரத்தத்துக்கு வழி விடுகிறது. அதனால் வலி வராது. படுக்கவைத்து எடுக்கும் ஈ.சி.ஜி.யிலும் தெரியாமல் போகலாம். ஆனால் அப்படிப்பட்ட படிவு ஒருநாள் வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்தால், சில நிமிடங்களில் குழாய் அடைபட்டு மாரடைப்பு வந்துவிடும்.

"வயசானவங்களுக்கு வர்றதுதானே" என்று இளைஞர்கள் இருந்துவிடக் கூடாது. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இதயங்களைச் சோதித்த முடிவு 1953-ல் வெளியானது. அவர்களின் சராசரி வயது 22. நான்கில் மூன்று பேருக்கு இதயக் குழாயில் நோயின் அடையாளம் இருந்தது.

ஆறுதலான செய்தியும் உண்டு. ஆரம்ப நிலையில் குழாயின் விரியும் சக்தியைப் பெருமளவு மீட்க முடியும். புகையை அறவே விடுங்கள். தினமும் அரைமணி நேரம் வேகமாக நடங்கள். உப்பையும் பொரித்த பண்டங்களையும் குறையுங்கள். முப்பது வயதைத் தாண்டியவர்கள், ஆணோ பெண்ணோ, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் சோதித்துக்கொள்ளுங்கள். தகப்பனாருக்கோ சகோதரருக்கோ 55 வயதுக்குள், தாயாருக்கோ சகோதரிக்கோ 65 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். அவர் தரும் மாத்திரையை "இப்போ நல்லாயிருக்கு" என்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி வந்தால், கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

வலி வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். வலி வருவதற்கு முந்திய காலம்தான் நம் கையில் இருக்கும் காலம்.

வஸ்ஸலாம்.

செயலாளர்