உங்களுக்குத் தெரியுமா? அந்தியூர் குதிரைச் சந்தை

ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழா வந்தால் கூடவே கால்நடைச் சந்தையும் கூடிவிடும். ஆடு, மாடு எல்லாம் வந்தாலும் கூட்டம் மொய்ப்பது குதிரைகளிடம்தான். திப்பு சுல்தான் தன் படைக்கு இங்கே குதிரை வாங்கியதாக ஊரில் சொல்வார்கள்.

குதிரை இனங்களில் ராஜஸ்தானின் மார்வாரி, குஜராத்தின் கத்தியவாரி இரண்டையும் காதைப் பார்த்தே கண்டுகொள்ளலாம். காது நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும். நொக்ரா என்றால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்புத் தோல். கல்யாண ஊர்வலக்காரர்கள் தேடுவது இதைத்தான்.

வயதைக் காட்டிக்கொடுப்பது பல். சுமார் இரண்டரை வயதில் நடு முன்பற்கள் விழுந்து முளைக்கும். மூன்றரையில் அடுத்த ஜோடி, நாலரையில் ஓரப்பற்கள். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். அதற்குமேல் தேய்மானத்தை வைத்துச் சொல்வதெல்லாம் உத்தேசக் கணக்குதான், வியாபாரி எவ்வளவு அடித்துச் சொன்னாலும்!

இனமும் பல்லும் சரியாக இருந்தாலும் சுழி சரியில்லை என்றால் பேரம் முறிந்துபோகும். மயிர் சுழன்று வளரும் இடத்தை வைத்து ராசி பார்ப்பது பழைய நம்பிக்கை. ஓட்டத்துக்கும் உடல்நலத்துக்கும் அதனோடு சம்பந்தமில்லை.

வாங்கப் போகிறவர்கள் சுழியைவிடக் காலைக் கவனியுங்கள். கெட்டித் தரையில் மெல்ல ஓடவிடுங்கள். ஒவ்வொரு அடிக்கும் தலை ஏறி இறங்கினால் முன்காலில் வலி இருக்கலாம்.