ஒரு கொலை, நாலு வாக்குமூலம்: 'ரஷோமோன்' படத்துக்கும் சிவாஜியின் 'அந்த நாள்' படத்துக்கும் என்ன தொடர்பு? எங்கே பார்க்கலாம்?

ஒரே சம்பவத்தை நாலு பேர் நாலு விதமாகச் சொன்னால் போதும், 'இது ரஷோமோன் பாணி' என்று எழுதிவிடுவார்கள். 2004-ல் 'விருமாண்டி' வந்தப்பவும் இதே பேச்சுதான். அப்படி என்னதான் இருக்கு அந்த ஜப்பான் படத்தில்?

1950-ல் அகிரா குரோசாவா இயக்கிய கருப்பு வெள்ளைப் படம் இது. காட்டுக்குள் ஒரு சாமுராய் செத்துக் கிடக்கிறான். பிடிபட்ட கொள்ளைக்காரன், சாமுராயின் மனைவி, விறகுவெட்டி என ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். குறி சொல்பவள் மூலமாகச் செத்தவனின் ஆவியும் வந்து சாட்சி சொல்லுது!

வழக்கமா கொலை வழக்கில் எல்லாரும் 'நான் பண்ணல' என்பார்கள். இங்கே கதை தலைகீழ். கொள்ளைக்காரன், மனைவி, செத்தவன் மூணு பேருமே பழியைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்கிறார்கள். தண்டனையைவிட மானம் பெரிசு என்று நினைக்கிற மனுஷங்க. படத்தின் உயிரே அங்கேதான் இருக்கு.

1951-ல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் விருது, அடுத்து ஆஸ்கர் கௌரவ விருது என உலகம் ஜப்பான் சினிமா பக்கம் திரும்பியது.

சென்னைக்கு வந்த கதை

வீணை வித்வானாகவும் பேர் எடுத்த எஸ்.பாலசந்தர், திரைப்பட விழாவில் 'ரஷோமோன்' பார்த்த தாக்கத்தில் யோசித்த கதைதான் 'அந்த நாள்' என்று சொல்லப்படுகிறது. ஏவி.எம். தயாரிப்பில் 1954 ஏப்ரலில் படம் வெளியானது. வசனம் ஜாவர் சீதாராமன். துப்பறியும் அதிகாரியாக நடித்தவரும் அவரே.

1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டது நிஜ சம்பவம். அந்தப் பின்னணியில்தான் கதை நடக்குது. ஜப்பான் படத்தின் பாதிப்பில் வந்த கதைக்கு ஜப்பான் குண்டுவீச்சே களம் என்பது தற்செயலோ என்னவோ!

படம் தொடங்கியதுமே ரேடியோ இன்ஜினியர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறார். அந்த ராஜன்தான் சிவாஜி கணேசன். ஹீரோ முதல் காட்சியிலேயே அவுட். பாட்டு இல்லை, டான்ஸ் இல்லை, சண்டையும் இல்லை. டஜன் கணக்கில் பாட்டு வைத்த காலத்தில் ஜனங்க ஏமாந்துபோனார்கள். முதல் வெளியீட்டில் படம் எடுபடவில்லை. தேசிய விருதுப் பட்டியலில் தகுதிச் சான்றிதழ் கிடைத்த பிறகுதான் மதிப்பு கூடியது.

ஆனா இது ரீமேக் கிடையாது. 'ரஷோமோன்' கடைசிவரை உண்மை எது என்று சொல்லாமலே விட்டுவிடும். 'அந்த நாள்' குற்றவாளியைக் கையோடு காட்டிவிடும். யார் என்று இங்கே சொன்னால் திட்டுவீங்க.

எங்கே பார்க்கலாம்?

'அந்த நாள்' யூடியூபில் பெயரைத் தேடினாலே கிடைக்கும். 'ரஷோமோன்' விஷயம் கொஞ்சம் சிக்கல். பழைய வெளிநாட்டுப் படங்களின் ஓடிடி உரிமை அடிக்கடி கைமாறும். அதனால் ஜஸ்ட்வாட்ச் தளத்தில் நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்வு செய்து தேடுங்க. இன்றைக்கு எந்த ஆப்பில் இருக்கு, வாடகைக்குக் கிடைக்குமா என்று காட்டும். கிரைட்டீரியன் சேனல் அமெரிக்கா, கனடாவுக்கு மட்டும்தான். இங்கிருந்து சந்தா கட்ட நினைக்காதீங்க. அவர்களின் ப்ளூரே டிஸ்க் வாங்கினாலும் 'ரீஜன் ஏ' பூட்டு இருக்கும். இந்தியா 'ரீஜன் சி' என்பதால் சாதாரண பிளேயரில் ஓடாது.

டெலிகிராம் காப்பி வேண்டவே வேண்டாம். திருட்டு என்பது ஒருபக்கம், சப்டைட்டில் ரெண்டு செகண்ட் தள்ளிப்போனால் யார் பொய் சொல்றாங்க என்பதே புரியாது.

மொத்தம் 88 நிமிடம்தான். ஏனாத்தூரில் காலேஜ் விட்டு சென்னைக்கு பஸ் ஏறினால் பூந்தமல்லி வருவதற்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். இருந்தாலும் பகல் வெளிச்சத்தில் போனில் பார்க்காதீங்க. இலைகளுக்கு நடுவே சூரியனையே நேராகப் படம் பிடித்தவர் ஒளிப்பதிவாளர் கசுவோ மியாகவா. மழை கேமராவில் பளிச்சென்று தெரிய தண்ணீரில் கருப்பு மையைக் கலந்தார்களாம். ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு, டிவியில் போட்டுப் பாருங்க.