ரேஞ்ச் ரோவர் திருகோணமலையில் நின்றுபோனால்?

தனியார் வாகன இறக்குமதிக்கு 2020 மார்ச்சில் விதிக்கப்பட்ட தடை 2025 பெப்ரவரியில் நீக்கப்பட்டது. அன்றிலிருந்து திருகோணமலையில் நான்கு பேர் கூடினால் பேச்சு வாகனத்தில் வந்து நிற்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பும் காசுக்கு எதை வாங்கலாம்? உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் வரும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ஓட எது நல்லது? புதிய வாகனங்களின் விலை வரிகளால் எட்டாத உயரத்தில் இருக்கிறது. அதனால் பலருடைய கண், கொழும்பில் விற்பனைக்கு வரும் பத்துப் பதினைந்து வருடப் பழைய சொகுசு ஜீப்புகளில் விழுகிறது. ஒரு டிஸ்கவரியோ ரேஞ்ச் ரோவரோ, அதே வயதுடைய லாண்ட் குரூசரைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது.

ஏன் இந்த மலிவு? இந்தக் கேள்வியோடு துறைமுக நகரத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் உரிமையாளர்கள், சாரதிகள், மெக்கானிக்குகள் சிலருடன் பேசினேன். பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டுக்கொண்டார்கள். வாகனத்தை விற்க நினைக்கும் ஒருவர் அதன் குறையைப் பெயரோடு சொல்லமாட்டார் என்பது விளங்கக்கூடியதுதான்.

இதைப் பணக்காரர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, வெறுங்கையோடு தொடங்கிய குடும்பங்கள் பலவற்றுக்கு வாகனம்தான் தொழில். காணித்துண்டை விற்று, நகையை அடகு வைத்து, மீதிக்கு லீசிங் எடுத்து வாங்குகிறார்கள். வாகனம் கராஜில் நின்றாலும் மாதத் தவணை நிற்காது. தவணை தவறினால் வாகனம் கைவிட்டுப் போகும்.

மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

பிரித்தானிய வாகனங்கள் என்றால் எங்கள் மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வேறு ஒரு காலம். 1990களில் வடக்கின் மீது பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் கிடைக்கவில்லை. பற்றரியும் உதிரிப்பாகங்களும் தடைப்பட்டன. அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தின் வீதிகளில் ஓடியவை பழைய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களும்தான். கொஞ்சம் பெற்றோலில் எஞ்சினை இயக்கிச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள்.

அது எப்படிச் சாத்தியமானது? அந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு. எரிபொருளைக் காற்றோடு கலந்து கொடுப்பது காபரேற்றர் என்ற எளிய கருவி. அதைத் திருகாணியால் கூட்டிக் குறைக்கலாம். தரம் குறைந்த எரிபொருளைப் போட்டால் எஞ்சின் புகைக்கும், இருமும், ஆனாலும் ஓடும். அவை அருமையாகச் செய்யப்பட்ட கார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு ஸ்பானரும் ஒரு துண்டுக் கம்பியும் அனுபவமுள்ள ஒரு கையும் இருந்தால் திருத்தக்கூடியவையாக அவை இருந்தன.

லாண்ட் ரோவரும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரித்தானியாவில் உருக்குக்குத் தட்டுப்பாடு இருந்தது. ஆகவே உடலை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்து, 1948 ஏப்ரலில் அம்ஸ்ரடாம் மோட்டார் கண்காட்சியில் அதை அறிமுகப்படுத்தினார்கள். தட்டையான தகடுகள், கழற்றிப் பூட்டக்கூடிய பாகங்கள், உறுதியான சட்டகம். இலங்கையில் தேயிலைத் தோட்டங்களும் அரச திணைக்களங்களும் அதைப் பயன்படுத்தின. போர்க்காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இரவில் கேட்கும் ஜீப் சத்தத்துக்கு வேறு அர்த்தமும் இருந்தது. அதை இங்கே விளக்கத் தேவையில்லை.

கந்தளாய், மூதூர்ப் பக்கம் திணைக்கள லாண்ட் ரோவர் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு சாரதியைச் சந்தித்தேன். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் முன்னர் மூதூருக்குப் போவதென்றால் பாதையில் ஏற்றி நீரைக் கடக்க வேண்டும். மாரியில் வீதியே தெரியாது. "அது பழுதாகாத வாகனம் இல்லைப் பிள்ளை. கிழமைக்கு ஒரு பழுது வரும். ஆனால் வழியில விட்டிட்டு நடந்து வந்த நாள் இல்லை" என்றார்.

நான் கேட்டவற்றில் மிகத் தெளிவான விளக்கம் இதுதான். பழுதாகாமல் இருப்பது ஒன்று. பழுதானாலும் வீடு கொண்டுவந்து சேர்ப்பது இன்னொன்று. நாங்கள் இரண்டையும் "நம்பிக்கையான வாகனம்" என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம்.

சொகுசு வந்தபோது மாறியது என்ன?

1970இல் ரேஞ்ச் ரோவர் வந்தது, 1989இல் டிஸ்கவரி. வயலிலும் காட்டிலும் போன வாகனம் மெல்ல நகரத்து மாளிகைகளின் வாசலுக்கு நகர்ந்தது. நிறுவனமும் கைமாறியது: 1994இல் பீ.எம்.டபிள்யூ, 2000இல் ஃபோர்ட், 2008இல் இந்தியாவின் டாட்டா மோட்டார்ஸ். பழைய வடிவ டிஃபென்டரின் உற்பத்தி 2016 ஜனவரியில் நிறுத்தப்பட்டது.

இந்தக் காலத்தில் உள்ளே நடந்த மாற்றம்தான் முக்கியமானது. கம்பிச் சுருள் இருந்த இடத்தில் காற்றுப் பை வந்தது. கியர், பிரேக், கதவு, சாவி எல்லாவற்றையும் சிறு கணினிகள் கட்டுப்படுத்தத் தொடங்கின. அமெரிக்காவில் மூன்று வருடம் பாவித்த வாகனங்களின் குறைபாடுகளை உரிமையாளர்களிடம் கேட்டுக் கணக்கெடுக்கும் ஜே.டி. பவர் நிறுவனத்தின் தரவரிசையில் 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் லாண்ட் ரோவர் கடைசி இடத்தில் இருந்தது. மலிவுக்கான முதற்காரணம் இதுதான். பழுதுக்குப் பயந்து முதல் உரிமையாளர் விற்கிறார். இரண்டாவது உரிமையாளருக்கு விலை குறைகிறது. பழுது மட்டும் குறையாமல் வாகனத்தோடு கூடவே வருகிறது.

உரிமையாளர்கள் சொன்ன பிரச்சினைகள் நான்கு வகைக்குள் அடங்கின.

முதலாவது காற்றுப் பை. இறப்பரால் ஆன இந்தப் பைகள் வயதாகும்போது வெடித்துக் காற்றுக் கசியும். கசிவை ஈடுகட்டக் காற்றை நிரப்பும் கொம்பிரசர் ஓய்வில்லாமல் வேலை செய்யும். கடைசியில் அதுவும் எரிந்துவிடும். காலையில் பார்த்தால் வாகனத்தின் ஒரு மூலை தரையை நோக்கி அமர்ந்திருக்கும். வெயிலும் உப்புக்காற்றும் உள்ள கரையோரத்தில் இறப்பருக்கு ஆயுள் இன்னும் குறைவு.

இரண்டாவது பற்றரி. பற்றரியின் வலு குறைந்தால் இந்தக் கணினிகள் குழம்பிவிடும். கியர் பழுது, சஸ்பென்ஷன் பழுது, பிரேக் பழுது என்று எச்சரிக்கைகள் வரிசையாக வரும். உண்மையில் பழுது ஒன்றே ஒன்று: பற்றரி. உப்புவெளியில் வாடகைக்கு வாகனம் ஓட்டும் ஒருவர், இப்படி வந்த எச்சரிக்கையை நம்பி கியர்ப் பெட்டியைக் கழற்றக் காசு கொடுத்த பிறகுதான் புதுப் பற்றரி போட்டுப் பார்த்ததாகச் சொன்னார்.

மூன்றாவது டீசல். நவீன டீசல் எஞ்சின்கள் கந்தகம் மிகக் குறைந்த எரிபொருளுக்காகச் செய்யப்பட்டவை. அவை பலவற்றில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. நெடுந்தூரம் ஒரே வேகத்தில் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து வடிகட்டி துப்புரவாகும். நகரத்திலிருந்து உப்புவெளி ஏறத்தாழ 6 கிலோமீற்றர். நிலாவெளி ஏறத்தாழ 15. இந்தத் தூரத்துக்குள் நாள் முழுவதும் போய்வரும் வாகனத்தில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். காசை மிச்சம் பிடிக்கச் சாதாரண டீசல் அடித்தால் இன்னும் விரைவாக அடைக்கும். மண்ணெண்ணெயைத் தாங்கிய எஞ்சினின் பேரப்பிள்ளைக்குச் சாதாரண டீசலே ஒத்துக்கொள்வதில்லை.

நான்காவது எஞ்சின். டிஸ்கவரி 3, 4 ஆகியவற்றிலும் ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட்டிலும் வந்த ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின், பெயரிங் தேய்ந்து கிராங் தண்டு உடைவதற்கு உலகெங்கும் பெயர் பெற்றது. எல்லா எஞ்சினுக்கும் இது நடப்பதில்லை. நடந்தால் புது எஞ்சின்தான். இந்த டிஸ்கவரிகளில் சில பெரிய வேலைகளுக்கு வாகனத்தின் உடலையே சட்டகத்திலிருந்து தூக்கி எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கான லிஃப்ட் எல்லாக் கராஜிலும் இல்லை.

260 கிலோமீற்றர்

லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒருவரும் இதே வகை வாகனம் வைத்திருக்கிறார். ஒரு வருடத்தில் மூன்று முறை பழுது பார்க்கக் கொடுத்தாராம். "ஒவ்வொரு முறையும் ஓடுறதுக்கு வேற கார் தந்தவை. எனக்குப் பெரிய கரைச்சல் இல்லை" என்றார். அவரிடம் உத்தரவாதக் காலம் முடியாத வாகனமும் சிறிது தூரத்தில் ஒரு பணிமனையும் இருந்தன.

திருகோணமலையில் அதே பழுது வந்தால் கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். கணினியில் பூட்டிப் பழுதை வாசிக்க அந்த வாகனத்துக்கு உரிய கருவி வேண்டும். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாக அதை இன்னொரு வாகனத்தில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். உதிரிப்பாகம் பஞ்சிகாவத்தையில் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் வெளிநாட்டிலிருந்து எடுக்க வேண்டும். 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாயைத் தொட்டது. பவுணிலோ டொலரிலோ விலை போடப்படும் பாகத்தின் சுமையும் அதே வேகத்தில் ஏறியது.

எரிபொருள் நெருக்கடியின்போது கியூஆர் முறை வந்ததும் ஞாபகமிருக்கும். தொடக்கத்தில் ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடும் கனமான ஜீப் அதில் 160 கிலோமீற்றர்தான் போகும். கொழும்புக்கு ஒருவழிப் பயணத்துக்கே போதாது. பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் சீனக்குடாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டுதான் நாங்கள் அந்தக் கணக்கைப் பார்த்தோம்.

நகரத்தில் நான் பேசிய மெக்கானிக் ஒருவர் இதை வேறு விதமாக விளக்கினார். ரேஞ்ச் ரோவரின் உரிமையாளரான டாட்டாதான் "டிமோ பட்டா" என்று நாங்கள் அழைக்கும் சிறிய லொறியையும் செய்கிறது. மீன் ஏற்றவும் மரக்கறி ஏற்றவும் ஊரெல்லாம் அது ஓடுகிறது. "பட்டா நின்றால் கந்தளாயிலும் திருத்தலாம், மூதூரிலும் திருத்தலாம். இது நின்றால் நானே கொழும்புக்கு ஃபோன் எடுக்க வேணும்" என்றார்.

வெளியுலக அனுபவமும் இதுதான். அவுஸ்திரேலியாவில் ஸ்னோவி மலை நீர்மின் திட்ட வேலைகளுக்கு 1950களின் கடைசியில் லாண்ட் குரூசர்கள் வந்தன. பிறகு லாண்ட் ரோவரின் இடத்தை அந்நாட்டின் உட்புறங்களில் அவையே பிடித்தன. சுனாமிக்குப் பின்னர் எங்கள் கரையில் வந்திறங்கிய உதவி நிறுவனங்களின் வெள்ளை வாகனங்களிலும் லாண்ட் குரூசர்களே அதிகம் தெரிந்தன. மறுபக்கம், டார்ஜிலிங் மலைகளில் மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்ஃபூவுக்கு 1950களின் லாண்ட் ரோவர்கள் அண்மைக்காலம் வரை பயணிகளை ஏற்றின. அவற்றைத் திருத்தத் தெரிந்தவர்கள் அதே ஊரில் இருந்ததே அதற்குக் காரணம்.

வாங்குவதானால்

இவ்வளவும் கேட்ட பிறகும் அந்த வாகனம்தான் வேண்டும் என்பவர்கள் இருப்பார்கள். அதில் தவறில்லை, நன்றாகப் பராமரிக்கப்பட்ட ஒன்று வருடக்கணக்கில் சுகமாக ஓடும். ஆனால் காசு கொடுக்கும் முன்னர் சில வேலைகள் இருக்கின்றன.

வாகனத்தை ஓர் இரவு நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். காலையில் நான்கு மூலைகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எஞ்சின் சூடாகும் முன்னர் நீங்களே இயக்குங்கள். எண்ணெய் மாற்றிய, டைமிங் பெல்ட் மாற்றிய பற்றுச்சீட்டுகளைக் கேளுங்கள், வாய்ச்சொல் போதாது. கீழே படுத்துச் சட்டகத்தின் துருவைப் பாருங்கள். பழைய டிஃபென்டர் என்றால் அலுமினியமும் உருக்கும் சேரும் இடங்களைப் பாருங்கள்: உப்பு ஈரம் பட்டால் அந்த இணைப்பில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். இருக்கைக்குக் கீழே கம்பளத்தைத் தூக்கி வெள்ளம் புகுந்த அடையாளம் இருக்கிறதா என்று தேடுங்கள். விற்பவர் காட்டும் கராஜில் அல்லாமல், நீங்கள் தெரிவு செய்யும் இடத்தில் கணினியில் பூட்டிப் பழுதுப் பதிவை வாசிப்பியுங்கள். காற்றுப் பைக்கும் கொம்பிரசருக்கும் பஞ்சிகாவத்தையில் விலை கேளுங்கள். அந்தத் தொகையையும் கொழும்புக்கு ஏற்றிச் செல்லும் செலவையும் மூன்று மாதத் தவணையையும் கூட்டிப் பாருங்கள். அவ்வளவு காசு கையில் மிஞ்சாவிட்டால் அந்த வாகனம் உங்களுக்கு மலிவானது அல்ல.

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. அங்கே நீங்கள் ஓட்டிப் பார்த்து விரும்பிய வாகனம், இங்கே வேறு வீதியில், வேறு டீசலில், உங்களுக்குக் கிடைக்கும் பணிமனை இல்லாத ஊரில் ஓடப் போகிறது. எந்த வாகனம் வாங்குவது என்று தீர்மானிக்கும் முன்னர், அதைத் திருத்தப் போகும் ஊர் மெக்கானிக்கிடம் ஒரு தடவை கேட்கச் சொல்லுங்கள். அவர் "கொண்டு வாங்கோ, பார்ப்பம்" என்றால் வாங்கலாம். கொழும்பு இலக்கம் ஒன்றைத் தந்தால், யோசிப்பது நல்லது.