பார்வை இழந்த நாய்க்கு அடைக்கலம்

அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய ஊர் நம் மதுரை. பார்வை குன்றியவரைப் பேணிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. கோச்சடைத் தெருக்களில் மீட்கப்படும் கண் தெரியாத நாய்க்கு, நிரந்தர வீடு அமையும்வரை இடம் தருவோருக்கும் அவ்வனுபவம் துணைநிற்கும்.

முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுவோம். கண்ணில் வெண்மை படர்ந்திருந்தால் அது கண்புரையாகலாம்; நாய்களுக்குச் சர்க்கரை நோயாலும் புரை வரும். சில புரைகளை அறுவைச் சிகிச்சையால் நீக்க இயலும். கண் சிவந்து வீங்கினால் அன்றே காட்ட வேண்டும்.

பார்வை திரும்பாவிடினும் மோப்பமும் செவியும் அதற்கு வழிகாட்டும். ஆகவே தண்ணீர்க் கிண்ணம், படுக்கை, நாற்காலி ஆகியவற்றை இடம் மாற்றலாகாது. படிக்கட்டுக்குத் தடுப்பு வேண்டும். பெயர் சொல்லி அழைத்த பின்னரே தொட வேண்டும். திடுக்கிட்டால் சாதுவான நாயும் கடிக்கும்.

வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம். கடியோ கீறலோ பட்டால் 15 நிமிடம் சோப்பிட்டு, ஓடும் நீரில் கழுவி, உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவரோ உறுப்பு மாற்றம் செய்துகொண்டவரோ வீட்டில் இருப்பின், அவருடைய மருத்துவரைக் கேட்டபின் முடிவு செய்யுங்கள்.

விடைகொடுக்கும் நாளில் அது படுத்த துணியையும் உடன் அனுப்புங்கள். புதிய வீட்டில் அதற்குப் பழகிய மணம் அது ஒன்றே.