டைப் 99 டாங்கி

டைப் 99 என்பது சீன மக்கள் விடுதலை இராணுவம் பயன்படுத்தும் மூன்றாம் தலைமுறை முதன்மைப் போர் டாங்கி ஆகும். இது உள் மங்கோலியாவின் பாவ்டோ நகரிலுள்ள தொழிற்சாலையில் தயாரிக்கப்படுகிறது. 1999 அக்டோபர் 1 அன்று பெய்ஜிங்கில் நடந்த தேசிய நாள் அணிவகுப்பில் இதன் முன்வடிவம் முதன்முதலாகப் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. இது வெளிநாடுகளுக்கு விற்கப்படுவதில்லை. ஏற்றுமதிக்கென விடி-4 என்ற வேறொரு டாங்கியைச் சீனா தயாரிக்கிறது.

பின்னணி

சீனாவின் முதல் டாங்கியான டைப் 59, சோவியத் ஒன்றியத்தின் டி-54ஏ டாங்கியின் நகலாகும். 1969-இல் எல்லையிலுள்ள சென்பாவ் தீவில் நடந்த மோதலில் சோவியத் டி-62 டாங்கி ஒன்றைச் சீனா கைப்பற்றியது. தன் டாங்கிகள் காலத்தால் பின்தங்கியவை என்பதை அது சீனாவுக்கு உணர்த்தியது. புதிய டாங்கித் திட்டத்திற்கு 1984-இல் ஜூ யூஷெங் தலைமை வடிவமைப்பாளராக நியமிக்கப்பட்டார். முன்னாள் போர்வீரரான இவர், 1940களில் நேர்ந்த வெடிவிபத்தில் வலது கையை இழந்தவர். பொறுப்பேற்றபோது அறுபது வயதைக் கடந்திருந்தார். 1991 வளைகுடாப் போரில் ஈராக்கின் சீன, சோவியத் டாங்கிகள் பெருமளவில் அழிந்தது, இத்திட்டத்தின் தேவையை மேலும் உறுதிப்படுத்தியது.

வடிவமைப்பு

டைப் 99-இன் உடற்பகுதி சோவியத் டி-72 டாங்கியின் அமைப்பைத் தழுவியது. ஆனால் பீரங்கியைத் தாங்கும் சுழல் கோபுரம், டி-72இல் உள்ளதுபோல் வார்த்து எடுக்கப்பட்டதன்று. எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து உருவாக்கப்பட்டது. அதன் முன்புறம் அம்புமுனை வடிவில் கூடுதல் கவசம் பொருத்தப்பட்டுள்ளது. எதிரியின் குண்டு படும்போது தானே வெடித்து அதன் வேகத்தைக் குறைக்கும் எதிர்வினைக் கவசமும் உண்டு. 50 டன்னுக்கு மேல் எடையுள்ள இதனை 1,200 குதிரைத்திறன் டீசல் இயந்திரம் இயக்குகிறது.

ஆயுதங்கள்

முதன்மை ஆயுதம் 125 மி.மீ. பீரங்கி. இதன் குழலின் உட்புறத்தில் சுழல்வரிகள் இல்லை. கவசத்தைத் துளைக்கும் குண்டுகளுடன், லேசர் கதிரால் வழிநடத்தப்படும் ஏவுகணையையும் இதே குழலிலிருந்து செலுத்தலாம். அந்த ஏவுகணை சுமார் 5 கி.மீ. வரை சென்று தாக்கும். பீரங்கிக்கு இணையாக 7.62 மி.மீ. இயந்திரத் துப்பாக்கியும், கோபுரத்தின் மேல் 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கியும் உள்ளன. வெப்பப் படக்கருவி, லேசர் தொலைவுமானி, கணினி ஆகியவை இரவிலும் ஓட்டத்திலும் குறிபார்க்க உதவுகின்றன. எதிரியின் குறிபார்க்கும் கருவிகளைச் செயலிழக்கச் செய்யும் லேசர் கருவி ஒன்றும் கோபுரத்தின் மேல் இருந்தது.

தானியங்கி ஏற்றியும் அதன் விலையும்

குண்டுகளை ஏற்றுவதற்குத் தனி வீரர் இல்லை. கோபுரத்தின் தரைக்குக் கீழே 22 குண்டுகளைத் தாங்கிச் சுழலும் வட்டத்தட்டு, குண்டையும் அதன் உந்துமருந்தையும் பீரங்கிக்கு அனுப்புகிறது. இதனால் தளபதி, குறிபார்ப்பவர், ஓட்டுநர் என மூவரே போதும். டாங்கியும் உயரம் குறைந்ததாக, எடை குறைந்ததாக அமைகிறது.

ஆனால் வீரர்கள் வெடிமருந்தின் மேலேயே அமர்ந்திருக்கிறார்கள். கவசம் துளைக்கப்பட்டு மருந்து தீப்பற்றினால் தப்புவது அரிது. இதே அமைப்புடைய டி-72 டாங்கிகளின் கோபுரங்கள் ஈராக்கிலும் உக்ரைனிலும் தூக்கி எறியப்பட்டது இதனால்தான். அமெரிக்க ஆப்ராம்ஸ் டாங்கியில் பெரும்பாலான குண்டுகள் கோபுரத்தின் பின்னே தனி அறையில் உள்ளன. வெடித்தால் அதன் மேற்கூரை பிய்ந்து, தீ வெளியே போய்விடும். ஆனால் அதற்கு நான்கு வீரர்களும் 60 டன்னுக்கு மேற்பட்ட எடையும் தேவைப்படுகின்றன.

மேம்பட்ட வடிவம்

1,500 குதிரைத்திறன் இயந்திரம் கொண்ட டைப் 99ஏ, 2015 செப்டம்பர் 3 அணிவகுப்பில் இடம்பெற்றது. இதன் எடை சுமார் 55 டன். காற்று அடர்த்தி குறைந்த திபெத் மலைப்பகுதிகளுக்கு இவ்வளவு எடை பொருந்தாததால், அங்கே 105 மி.மீ. பீரங்கி கொண்ட டைப் 15 இலகு டாங்கியைச் சீனா பயன்படுத்துகிறது. டைப் 99 இதுவரை எந்தப் போரிலும் ஈடுபட்டதில்லை.